ஊசி போடாத கூண்டு

திங்கட்கிழமை எடை போடும் நாள். பிந்து தராசைத் துடைத்து வைத்துவிட்டுப் பதினான்காம் கூண்டின் கதவைத் திறந்தாள். உள்ளே இருந்த ஆறு கினிப்பன்றிகளில் இரண்டு விறைத்துக் கிடந்தன. மீதி நான்கும் மண்சட்டிக்குப் பின்னால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மயிர் சிலிர்த்து உட்கார்ந்திருந்தன. கதவுச் சத்தம் கேட்டால் கீச்சிட்டுக்கொண்டு ஓடிவருகிறவை அன்று கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.

"செங்கோடண்ணா, இதுக நேத்து நல்லா இருந்துச்சுங்களா?"

தண்ணீர்க் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்த செங்கோடன் ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தார். அந்த விலங்குக் கூடத்தில் பத்து வருஷமாக வேலை பார்க்கிறவர்.

"நல்லாத்தானுங்க அம்மணி இருந்துச்சு. தழைய மட்டும் சரியாத் திங்கல. வெய்யலுக்கு அப்படித்தான் இருக்கும்னு உட்டுப்போட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்தக் கூண்டுக்கு ஊசியே போடலீங்களே" என்றார்.

பிந்துவுக்கும் அதுதான் உறைத்தது.

கோவையின் கிழக்கோரத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனை அது. நோயாளியின் கட்டியிலிருந்தோ எலும்பின் பக்கத்திலிருந்தோ எடுத்த நீரில் காசநோய்க் கிருமி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அதில் கொஞ்சத்தைக் கினிப்பன்றியின் தொடையில் ஏற்றி ஆறு வாரம் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு அதை அறுத்து உள்ளே முடிச்சுகள் இருக்கின்றனவா என்று பார்த்து ரிப்போர்ட் எழுதுவார்கள். தொண்ணூற்றாறில் பெரிய ஊர்களில் இந்த முறையைக் கைவிட ஆரம்பித்திருந்தார்கள். இங்கே பொது மருத்துவத் துறைத் தலைவர் டாக்டர் அரங்கசாமிக்கு அதில் இன்னும் நம்பிக்கை இருந்தது.

பிந்து கால்நடை மருத்துவம் படித்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தபோது கூண்டுகள் எல்லாம் கம்பித் தரையும் துருப்பிடித்த தட்டுமாக இருந்தன. பாதிக் கூண்டுகளை மட்டும் மாற்றினாள். அகலமான தரை, வைக்கோல், ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டி. மீதிப் பாதியை அப்படியே விட்டாள். வாரம் தவறாமல் இரண்டு பக்கத்தையும் எடை போட்டு, எத்தனை செத்தது, எத்தனை குட்டி தங்கியது என்று எழுதிக்கொண்டு வந்தாள். விலங்கின் சௌகரியம் அதன் உடம்பை எவ்வளவு மாற்றுகிறது என்று எண்ணிக்கையில் காட்டவேண்டும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. டாக்டர்கள் அதைக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். "எங்க வார்டுலயும் வந்து ஆளுக்கொரு சட்டி வெச்சுட்டுப் போம்மா" என்பார்கள்.

செத்த இரண்டையும் மேசைக்குக் கொண்டுபோய் அறுத்தாள். கல்லீரலிலும் மண்ணீரலிலும் வெள்ளை முடிச்சுகள். சில கடுகளவு, சில உளுந்தளவு. நசுக்கினால் தயிர்க்கட்டி போல உள்ளிருந்து பிதுங்கியது.

இதே முடிச்சுகளை மூன்று வாரத்துக்கு முன்னால் முப்பத்தோராம் எண் கினிப்பன்றியிடம் பார்த்திருந்தாள். அதற்கு ஊசி போட்டிருந்தது. பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்து படுத்திருந்த வள்ளியாத்தாள் என்கிற நோயாளியின் முதுகெலும்புப் பக்கத்திலிருந்து எடுத்த நீர். "காசநோய்க்கு உரிய முடிச்சுகள் காணப்பட்டன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் பிந்துதான்.

கையைக் கழுவிவிட்டு எடைக் குறிப்பேட்டை எடுத்தாள். உட்காராமல் நின்றபடியே புரட்டினாள். முப்பத்தொன்று, ஏப்ரல் முதல் வாரம், அறுநூற்றுப் பத்து கிராம். அடுத்த வாரம் ஐந்நூற்றெண்பத்தைந்து. அதற்கடுத்த வாரம் ஐந்நூற்றறுபது. ஊசி போட்டது அதற்குப் பிறகுதான். அதாவது ஊசி போடுவதற்கு முன்னாலேயே அது தேய்ந்துகொண்டிருந்தது. அவள் கையாலேயே பக்கத்தில் 'வெயில்?' என்று எழுதியிருந்தாள்.

அதோடு நிற்கவில்லை. ஆறு வாரம் இருக்க வேண்டியது பத்தொன்பதாம் நாளே செத்துவிட்டது. அறுத்த அன்று எழுதிய குறிப்பில் 'தொடை சுத்தமாக இருக்கிறது' என்று ஒரு வரி. காசநோய்க் கிருமியாக இருந்தால் ஊசி குத்திய தொடையில்தான் முதலில் புண் கட்டும். ரிப்போர்ட் படிவத்தில் தொடைக்கு ஒரு கட்டம் இல்லை. அதனால் அந்த வரி குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டது. முடிச்சைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்ததில் கிருமி எதுவும் தெரியவில்லை என்பதும் ரிப்போர்ட்டில் கடைசியில் சின்ன எழுத்தில்தான் இருந்தது.

காட்டுப் புறாவும் எலியும் பரப்புகிற இன்னொரு கிருமி உண்டு. கினிப்பன்றிக்குள் புகுந்தால் அச்சு அசலாக இப்படித்தான் முடிச்சுகளை உண்டாக்கும். பாடப் புத்தகத்தில் அதற்குப் பெயரே பொய்க் காசநோய். பரீட்சைக்காகப் படித்து, பாஸ் செய்து, மறந்துபோனது.

புதிதாகச் செத்தவற்றின் முடிச்சை வளர்ப்புத் தட்டில் இட்டு வைத்துவிட்டு, அறுவைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் டாக்டர் அரங்கசாமியின் அறைக்குப் போனாள். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். அவர் ஒரு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காரும்மா."

பிந்து உட்காரவில்லை. சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஊசி போடாத கூண்டுலயும் அதே முடிச்சு. அவ்வளவுதானே? இருக்கட்டும். ஆனா அந்தம்மாவோட எக்ஸ்ரே நீ பாக்கலை. முதுகெலும்புல ரெண்டு எலும்பு கரைஞ்சிருக்கு. மூணு மாசமா சாயங்காலக் காய்ச்சல். நம்ம ஊர்ல இது பத்துக்கு ஒம்பது டி.பி.தான். உன்னோட கினிப்பன்றி சொல்லலைன்னாலும் நான் மாத்திரை ஆரம்பிச்சிருப்பேன்."

"ஆரம்பிச்சிருப்பீங்களா சார்?"

அவர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "ரெண்டு வாரம் பொறுத்திருப்பேன்" என்றார். உடனே, "மாத்திரை போட்ட பத்தே நாள்ல காய்ச்சல் எறங்கிருச்சு. வீட்டுக்கு அனுப்பியாச்சு. வேற நோயா இருந்தா எறங்குமா? அந்த நீர்ல வெச்ச கல்ச்சர் ஜூலைல வந்துரும். அதுவரைக்கும் போட்டுக் குழப்பிக்காத" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு எதையும் பிந்துவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் படி இறங்கும்போது கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அந்த வாரம் முழுக்க இப்படியே இருந்தது. ஆர்.எஸ்.புரத்தில் வீடு. சாப்பாட்டு மேசையில் உட்காருவாள், இரண்டு வாய் உண்பாள், எழுந்து ஜன்னலுக்குப் போவாள். அம்மா பங்காரம்மா தெலுங்கில், "என்னடி, நாற்காலியில முள்ளா இருக்கு?" என்று கேட்டாள். வேலையில் ஒரு தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். அப்பா லட்சுமணசாமி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "திருத்தக்கூடிய தப்பா?" என்றார். தெரியவில்லை என்றாள்.

வியாழக்கிழமை வளர்ப்புத் தட்டில் கிருமி முளைத்திருந்தது. காசநோய்க் கிருமி மூன்று நாளில் முளைக்காது, வாரக்கணக்காகும். இது வேறு. முப்பத்தோராம் எண்ணுக்கும் இதுதான் என்று நிரூபிக்க அதன் உடல் இப்போது இல்லை, எரித்தாகிவிட்டது. வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் நோயாளியின் விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு ஈரோடு பஸ்ஸில் ஏறினாள். போய் என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. மனித வைத்தியம் அவள் படிப்பு இல்லை.

பெருந்துறையில் இறங்கி, டவுன் பஸ் மாறி, ஏழெட்டு மைல். மெயின் ரோட்டிலிருந்து இருபுறமும் கள்ளிவேலி ஓடும் இட்டேரி வழியே நடந்தால் காலனி. ஒற்றை அறை வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. அதில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள் வள்ளியாத்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் குத்தவைத்து அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவர் அவள் புருஷன் ராசப்பன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாகச் சொன்னதும் ராசப்பன் எழுந்து துண்டால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"ஏனுங்க அம்மணி, ஊடு தேடி வந்துட்டீங்க? ஏதாச்சும் அவசரங்களா?"

"இல்லீங்க. எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். காய்ச்சல் இருக்குங்களா?"

"காச்சல் உட்டுப்போச்சுங்க. ஆனா சோறு எறங்க மாட்டீங்குது. பத்து நாளா எதத் தின்னாலும் ஒமட்டல். மாத்திர சூடுன்னு சொன்னாங்க, அதான் எளநி வாங்கிக் குடுத்துட்டு இருக்கறனுங்க."

பிந்து கட்டிலருகே குனிந்தாள். மாட்டுக்குப் பார்ப்பதுபோலவே கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். வெள்ளை விழி நல்ல மஞ்சளாக இருந்தது. ஒண்ணுக்கு என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டாள்.

"மஞ்சத்தண்ணியாட்டப் போவுதுங் கண்ணு" என்றாள் வள்ளியாத்தாள். குரல் மெலிந்திருந்தாலும் கண் கூர்மையாக இருந்தது. பிந்துவை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்க இருந்தப்ப ஒன்னயப் பாத்ததில்லியே. நீ புது டாக்டரா?"

"நான் கால்நடை டாக்டருங்கக்கா. மாட்டு டாக்டர்."

ராசப்பன் ஆற்றிய கஞ்சியைக் கையில் வைத்தபடி திகைத்துப் பார்த்தார். வள்ளியாத்தாளோ முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"மாட்டு டாக்டருங்களா? அப்ப ஒண்ணு கேக்கோணும். நா வேலை செய்யற தோட்டத்துல, கட்டுத்தரைல ஏழு மாடு. மார்கழி கடைசில ஒண்ணு கன்னு வீசிப்போட்டுது. தையில ரெண்டு. மூணும் ஏழெட்டு மாசச் செனை. நல்லாத் தின்னுட்டு இருந்த மாடுக. தோட்டத்துக்காரரு நாந்தான் தண்ணி சரியாக் காட்டலைன்னு பேசிப்போட்டாரு. எதுனால கண்ணு அப்படி ஆவும்?"

பிந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த வாரத்தில் முதல்தடவையாக அவள் உடம்பு அசையாமல் இருந்தது.

"வீசுன கன்னை யாருங்கக்கா எடுத்துப் போட்டது?"

"நாந்தேன். வேற யாரு? ரெண்டு மாட்டுக்கு நஞ்சுக்கொடி உழுகாம நின்னுபோச்சு. கைய உட்டு எடுத்தேன். ஒரே நாத்தம்."

"கையில உறை ஏதாச்சும் போட்டீங்களா?"

வள்ளியாத்தாளுக்குக் கேள்வி புரியவில்லை. சாம்பலைப் போட்டுக் கை கழுவியதைச் சொன்னாள்.

"காய்ச்சல் எப்ப வந்துச்சுங்க?"

"மாசி பொறந்து ஒரு வாரம் இருக்கும்."

கால்நடைப் படிப்பில் கன்று வீச்சு நோயைத் தெரியாமல் யாரும் தேறி வெளியே வர முடியாது. மாட்டுக்குக் கருவைக் கலைக்கும். அந்த நஞ்சுக்கொடியைத் தொட்ட மனிதருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், மாதக்கணக்கில் இருக்கும். முதுகெலும்பில் போய் உட்கார்ந்தால் எலும்பைத் தின்னும். ஐந்து மாதமாக அந்த விடை வள்ளியாத்தாளிடமே இருந்திருக்கிறது. யாரும் அவளிடம் மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"இவங்கள இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணுங்க" என்றாள் ராசப்பனிடம். "இது காமாலை. டி.பி. மாத்திரையாலதான் வந்திருக்கோணும். இன்னிக்கு மாத்திரை குடுக்க வேண்டாம்."

"ஒரு நாக்கூட நிறுத்தப்படாதுன்னு பெரிய டாக்டரு சொன்னாருங்களே."

"சொல்லியிருப்பாருங்க." பிந்து ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "அவங்களுக்கு டி.பி.ன்னு ஒரு ரிப்போர்ட் போச்சு. அத எழுதுனது நானுங்க. அது தப்பா இருக்கும்னு நெனைக்கறேன்."

ராசப்பன் கஞ்சிக் கிண்ணத்தைக் கட்டிலுக்கடியில் வைத்தார். துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். அவர் சத்தம் போடுவார் என்று பிந்து எதிர்பார்த்தாள்.

"தப்புன்னு தெரிஞ்சு எத்தன நாளாச்சுங்க?"

"சந்தேகம் வந்து ஆறு நாளாச்சுங்க."

"ஆறு நாளும் காலைல எந்திரிச்சு நாந்தேன் எண்ணிப் பாத்துக் குடுத்தேன். இவ வேண்டாம் வேண்டாம்னா. வாயத் தொறக்க வெச்சுக் குடுத்தனுங்க."

வள்ளியாத்தாள் கட்டிலிலிருந்து, "வண்டி பாருங்க, போலாம். அம்மணி வெய்யல்ல வந்திருக்குது" என்றாள்.

பெருந்துறையிலிருந்து ஒரு வாடகை வேன் பிடித்து வந்து, பின் சீட்டில் படுக்கவைத்து, மத்தியானத்துக்குள் கோவை வந்து சேர்ந்தார்கள். பணியிலிருந்த டாக்டர் கண்ணைப் பார்த்ததுமே மாத்திரைகளை நிறுத்தினார். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எவ்வளவு கெட்டிருந்தது என்று தெரிந்தது. இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள்.

கன்று வீச்சு நோய்க்கு ரத்தத்தைச் சோதிக்கும் மருந்து அந்த மருத்துவமனையில் இல்லை. யாரும் கேட்டதே கிடையாது. பிந்துவோடு படித்த கதிரேசன் ஈரோட்டுப் பக்கம் கால்நடை ஆய்வகம் ஒன்றில் இருந்தான். திங்கள் காலை முதல் பஸ்ஸில் போய், ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் ஒரு சின்னப் புட்டியை வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்குத் திரும்பினாள். பஸ் அவினாசியில் நின்ற ஐந்து நிமிஷம் அவளுக்கு ஐந்து மணி நேரம் போல இருந்தது. பிளாஸ்க் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததைப் பார்த்து, பக்கத்து சீட்டுப் பெண்மணி, "கொழந்தைக்குப் பாலுங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் அரங்கசாமி தானாகவே விலங்குக் கூடத்துக்கு வந்தார். அந்தப் பக்கம் அவர் வந்து செங்கோடன் பார்த்ததில்லை. வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்றை மேசையில் வைத்து, வள்ளியாத்தாளின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரில் ஒரு சொட்டு விட்டாள் பிந்து.

"ஒப்பிட்டுப் பாக்க மாட்டோட பழகாத ஆளோட ரத்தம் ஒண்ணு வேணும் சார். என்னோடது ஆகாது."

"என்னோடத எடு" என்று அவர் சட்டைக் கையை மடித்தார்.

இரண்டு சொட்டுக்கும் பக்கத்தில் புட்டியிலிருந்த இளஞ்சிவப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குச்சியால் கலக்கினாள். பீங்கானை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல ஆட்டினாள். அவருடைய சொட்டு ரோஸ் நிறத்திலேயே இருந்தது. வள்ளியாத்தாளுடையது இரண்டாம் நிமிஷத்தில் பால் திரிந்தது போலச் சின்னச் சின்னத் துகள்களாகப் பிரிந்தது. நான்காம் நிமிஷத்தில் தள்ளி நின்ற செங்கோடனுக்கே தெரிந்தது.

அரங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தம்மாகிட்ட என்ன வேலை பாக்கறேன்னு கேட்டேன். தோட்டங்காட்டு வேலைன்னு சொன்னா. நானும் அப்படியே எழுதிக்கிட்டேன்." துகள் பிரிந்த சொட்டை விரலால் காட்டினார். "டி.பி.க்கு நான் குடுத்ததுல ரெண்டு மருந்து இந்தக் கிருமியையும் அடிக்கும். அதான் காய்ச்சல் எறங்கிருக்கு. அதப் பாத்துட்டுத்தான் நான் உன்னத் திருப்பி அனுப்புனேன். நீ சொன்ன அன்னிக்கே கூப்பிட்டுப் பாத்திருக்கணும்."

"நானும் அன்னிக்கே போயிருக்கணும் சார்."

அவர் மேற்கொண்டு சோதனைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ரத்தத்திலிருந்து வளர்த்த கிருமியும் பத்து நாளில் அதையே உறுதி செய்தது. காமாலை வடிந்ததும் வேறு மருந்து தொடங்கினார்கள். ஆனி முடிவதற்குள் வள்ளியாத்தாள் எழுந்து நடந்தாள். கரைந்த எலும்பு கரைந்ததுதான். முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. குடம் தூக்கக் கூடாது, குனிந்து சாணி வழிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பிந்து தோட்டத்துக்காரரைப் பார்த்து மாடுகளின் ரத்தத்தை எடுத்துவந்தாள். ஏழில் நான்குக்கு நோய் இருந்தது. தண்ணீர் காட்டாததால் இல்லை என்று அவரிடம் இரண்டு தடவை சொன்னாள். அவர் வள்ளியாத்தாளின் வாசலுக்குப் போய்ப் பேசினாரா என்பது தெரியாது.

அதற்குள் விலங்குக் கூடத்தில் இன்னும் ஒன்பது செத்திருந்தன. எப்படி வந்தது என்று தேடியபோது செங்கோடனே சொன்னார்.

"பங்குனில தீனிக்குப் போடற குதிரமசால் காடு காஞ்சுபோச்சுங்க அம்மணி. பச்சை இல்லாட்டி இதுக பல்லுல ரத்தம் வந்து செத்துப்போகும்னு நீங்கதான் சொன்னீங்க. மார்க்கெட்டுல முட்டக்கோஸ் மேல்தழைய வாங்கியாந்து பின்னால சாய்ப்புல போட்டு வெச்சேன். மேல கூரை பூரா பொறா, எச்சம் தழை மேல உழுந்திருக்குமுங்க. அலசித்தான் போட்டனுங்க. அலசித்தான் போட்டேன்."

"நான் ஒரு நாளாச்சும் அந்தச் சாய்ப்புக்குள்ள வந்து பாத்திருக்கோணும்ணா" என்றாள் பிந்து. வைக்கோலும் சட்டியும் அகலத் தரையும் கொடுத்தவள், தீனி எங்கே கிடக்கிறது என்று பார்க்கவில்லை. அவளுடைய அட்டவணையில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கவில்லை.

நோய் புகுந்த கூட்டத்தை வைத்துக்கொள்ள முடியாது. மிச்சம் ஐம்பத்தெட்டு. பார்த்தால் நன்றாக இருப்பவையும் உள்ளே சுமந்துகொண்டிருக்கும். வேறு வழி ஏதாவது உண்டா என்று இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் அவளே தேதி குறித்தாள். எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்து முடித்துவிடலாம் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்து அறையில் மேசை போட்டு, செங்கோடன் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி எடுத்துவர, மயக்க மருந்தைக் கூடுதலாக ஏற்றினாள். மற்றவற்றின் காதில் சத்தம் விழாதபடி கதவைச் சாத்தி வைத்திருந்தாள். இரண்டு நாள் ஆயிற்று. கடைசிக் கூண்டு காலியானதும் செங்கோடன் துணியை மடித்து ஜன்னலில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். இரண்டு வருஷ ஆராய்ச்சியில் மிஞ்சியது எட்டுக் குறிப்பேடுகள்.

குறிப்பேடுகளை அவள் கட்டி வைக்கவில்லை. பங்குனியிலிருந்து ஆனி வரை அந்தக் கினிப்பன்றிகளை நம்பிக் கொடுத்த ரிப்போர்ட்டுகள் எத்தனை என்று எடுத்தாள். வள்ளியாத்தாளுடையது தவிர நான்கு. டாக்டர் அரங்கசாமி அந்த நான்கு கோப்புகளையும் வரவழைத்துக் கொடுத்தார். இரண்டு பேருக்குச் சளியிலேயே காசநோய் உறுதியாகியிருந்தது. ஒருவருக்கு முடிச்சு இல்லையென்று எழுதியிருந்ததால் பாதகமில்லை. நான்காவது ஆள் நஞ்சுண்டன், பவானி, கழுத்தில் நெறிகட்டி. இரண்டரை மாதமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை.

அவள் பவானிக்குப் போனது ஆடிப்பதினெட்டு அன்று. அன்றைக்குத்தான் லீவு கிடைத்தது. கூடுதுறைப் பக்கம் தெருவே கொள்ளாத கூட்டம். நஞ்சுண்டனுக்கு அங்கே தேங்காய் பழம் கற்பூரக் கடை. அறுபது வயது ஆள், திடமாக இருந்தார். இரண்டு கையாலும் வியாபாரம் பண்ணிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார்.

"கட்டி பாதியா வத்திருச்சுங்க அம்மணி. நல்லாத்தான் இருக்கறேன். நல்லா இருக்கறவன எதுக்குங்க மறுக்காச் சோதிக்கோணும்?"

"அன்னிக்குச் சொன்னது சரியான்னு பாக்கோணுங்க. அது வேற நோயா இருந்தா இந்த மாத்திரை உங்களுக்கு வேண்டாத சுமை."

"அடுத்த மாசம் வாரனுங்க."

"இன்னிக்கே வந்தா நல்லதுங்க."

"இன்னிக்கா?" அவர் கூட்டத்தைக் கையால் காட்டினார்.

"நான் இருக்கறனுங்க. நீங்க யாவாரத்தப் பாருங்க."

கடையோரம் ஒரு மரப்பெட்டி கிடந்தது. பிந்து அதில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. நஞ்சுண்டன் ஓரக்கண்ணால் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. கூட்டம் மிஞ்சியபோது அவள் எழுந்து வெற்றிலையும் பாக்கும் மடித்துக் கொடுத்தாள். மூன்று மணிக்கு அவர் சம்சாரத்தைக் கடைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டார்.

"வாங்க போலாம். நீங்க உக்காந்திருக்கறதப் பாத்துட்டு நாலு பேரு கடன்காரியான்னு கேட்டுப்போட்டாங்க."

மறுநாள் கழுத்துக் கட்டியில் ஒரு துணுக்கை எடுத்து அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. அவருக்குக் காசநோய்தான். சாப்பிட்ட மருந்து சரியான மருந்து, அதையே தொடரலாம்.

முடிவு கேட்க ஆஸ்பத்திரிக்கு வந்த நஞ்சுண்டனிடம் பிந்து அதைச் சொன்னபோது அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"அப்ப, ஆடிப்பதினெட்டு யாவாரம் பாதி போனதுதான் மிச்சம்."

"ஆமாங்க" என்றாள் பிந்து. அவரை பஸ் ஏற்றிவிட்டு, புதிய ரிப்போர்ட் படிவத்துக்கு என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்று எழுதிய தாளோடு டாக்டர் அரங்கசாமியின் அறை வாசலில் போய் நின்றாள். அன்றும் வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள்.